அரவை ஆலைக்கு முன்னால் நடக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டுமானத் துறையில் சுழற்சிப் பொருளாதாரம், அதாவது பொருளை வீணாக்காமல் மறுபடி மறுபடி பயன்படுத்துவது, என்று பேச்செடுத்தாலே, இடிபாட்டைக் கொட்டி ஜல்லியாக அரைக்கும் ஆலையின் படம்தான் கூடவே அச்சாகிறது. ஆலை வேண்டியதுதான். ஆனால் ஒரு கட்டடம் லாரியில் ஏறி அந்த ஆலை வாசலுக்கு வந்துவிட்டது என்றால், அதிலிருந்து மீட்டிருக்கக்கூடிய மதிப்பில் பெரும்பகுதி அதற்குள் கைநழுவிப் போயிருக்கும். இரும்பும் மரமும் செங்கல்லும் ஜிப்சமும் கண்ணாடியும் ஒரே குவியலாகக் கலக்கும்போதுதான் அது கழிவாகிறது. அதுவரை அது சரக்கு. வடிவமைப்பிலும் இடிப்பு மேற்பார்வையிலும் இருப்பவர்கள் என்ற முறையில், அந்தக் கலப்பு எங்கே நேர்கிறது, எப்படித் தவிர்ப்பது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில் அரவையால் கிடைப்பது என்ன, கிடைக்காதது என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறத்தாழ 2,400 கிலோ. அதில் சிமெண்ட் 300 முதல் 400 கிலோதான். மீதியில் பெரும்பகுதி ஜல்லியும் மணலும். ஆனால் கரியமில வாயுக் கணக்கில் இந்த விகிதம் தலைகீழ். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது கல்லே வாயுவை வெளியேற்றுகிறது. சிமெண்ட் உற்பத்தியின் உமிழ்வில் பாதிக்கும் மேல் எரிபொருளிலிருந்து அல்ல, இந்த வேதிமாற்றத்திலிருந்து வருகிறது. பழைய கான்கிரீட்டை அரைத்தால் ஜல்லி திரும்பக் கிடைக்கும், சிமெண்ட் கிடைக்காது. ஆகவே அரவை மலையைக் காப்பாற்றும், குப்பைமேட்டைக் குறைக்கும். உமிழ்வை அவ்வளவாகக் குறைக்காது. உமிழ்வைக் குறைக்க வேண்டுமானால் கான்கிரீட்டைக் கான்கிரீட்டாகவே வைத்திருக்க வேண்டும். அதாவது, கட்டடத்தை இடிக்காமல் வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது முதல் வழி. அது முடியாதபோது தூண், உத்திரம், தளத்தை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை மாற்றுவது. அதுவும் முடியாதபோது வெட்டி எடுத்து வேறிடத்தில் வைப்பது. வெட்டி எடுப்பது வெறும் ஆசை அல்ல. சுவிட்சர்லாந்தின் லொசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல், ஒரு கட்டடத்தின் கான்கிரீட் சுவர்களிலிருந்து 25 துண்டுகளை அறுத்தெடுத்து, வளைவாக அடுக்கி, உள்ளே கம்பி வடம் செலுத்தி இறுக்கி, 10 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாலத்தை நிறுத்தினார்கள். அரவைக்கான இடம் இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான்.

கலப்பினால் என்ன கெடுகிறது என்பதற்கு மூன்று பொருள்களைச் சொன்னால் போதும்.

ஜிப்சம் பலகையும் ஜிப்சம் பூச்சும் கான்கிரீட்டோடு சேர்ந்து அரைபட்டால் ஜல்லியில் சல்பேட் ஏறிவிடும். அந்த ஜல்லி புதுக் கான்கிரீட்டுக்குள் போனதும் சிமெண்டிலுள்ள அலுமினேட்டோடு வினைபுரிந்து, பருமன் கூடிய படிகமாக வளர்ந்து, உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். விரிசல் உடனே தெரியாது, ஈரம் படப்படத்தான் வரும். அதனால்தான் அரைத்த கான்கிரீட் ஜல்லியில் அமிலத்தில் கரையும் சல்பேட் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று பிரிட்டிஷ் தரநிலை வரம்பு வைத்திருக்கிறது. இதே ஜிப்சம் காற்றில்லாத குப்பைமேட்டின் அடியில் நனைந்து கிடந்தால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். தனியாக, நனையாமல் எடுத்துவைத்தால் மட்டும் அது மறுபடியும் ஜிப்சம் பலகையாகும்.

இரண்டாவது, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஓடு. ஒரே ஒரு ஓடு பொக்லைன் வாளியில் நொறுங்கினாலும், அதன் இழை கலந்த குவியல் முழுவதும் அபாயக் கழிவாகிவிடும். ஓட்டை நனைத்து, ஆணியையோ திருகையோ கழற்றி, முழுதாக இறக்கி, கெட்டியான பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். மற்ற இடிப்பு வேலை தொடங்குவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, செம்பு. மின்கம்பியை உரித்தெடுக்காமல் பழைய இரும்போடு உலைக்கு அனுப்பினால் செம்பு உருகிய எஃகில் கரைந்துவிடும். சாதாரண உலையில் அதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை. சுழற்சிக்குச் சுழற்சி சேர்ந்துகொண்டே போய், சூட்டில் உருட்டும்போது எஃகின் மேற்பரப்பு வெடிக்கும். இரும்பு எத்தனை முறை வேண்டுமானாலும் மறுசுழற்சியாகும் என்று சொல்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்.

இனி அரைத்த ஜல்லி. புதுக் கான்கிரீட்டில் போட்டால் வலிமை போய்விடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. சிறு அளவில் கலந்தால் அந்தப் பயத்துக்குக் காரணமில்லை. பெரும்பாலும் சறுக்குவது தண்ணீரில்தான். உடைத்த ஜல்லியின் மேல் பழைய சாந்து ஒட்டிக்கொண்டிருக்கும், அது நீரை உறிஞ்சும். நல்ல கருங்கல் ஜல்லி தன் எடையில் ஒரு சதவீதம் அளவுக்கு உறிஞ்சினால், இது 3 முதல் 8 சதவீதம் வரை உறிஞ்சும். ஒரு கன மீட்டருக்கு 340 கிலோ சிமெண்ட், 170 லிட்டர் தண்ணீர், 1,100 கிலோ ஜல்லி என்று வைத்துக்கொள்வோம். ஜல்லியில் 20 சதவீதம், அதாவது 220 கிலோ, அரைத்தது. உறிஞ்சுதிறன் 5 சதவீதம். அது காய்ந்து கிடந்தால் 11 லிட்டர் தண்ணீரைக் கலவையிலிருந்து குடித்துவிடும். நீர்–சிமெண்ட் விகிதம் 0.50 என்று தாளில் இருப்பது 0.47 ஆகி, கலவை அரை மணி நேரத்தில் இறுகும். உடனே தளத்தில் யாராவது குழாயைப் பிடித்து அளவில்லாமல் தண்ணீர் விடுவார்கள். மாறாக, மழையில் நனைந்து 8 சதவீத ஈரத்தோடு வந்தால், உறிஞ்சியது போக மிஞ்சும் 6.6 லிட்டர் கலவைக்குள் வந்து விகிதம் 0.52 ஆகும். இரண்டிலும் பழி ஜல்லியின் மேல் விழுகிறது. குற்றம் ஈரத்தை அளக்காததில் இருக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முந்தின நாளே குவியலின் மேல் தெளிப்பான் வைத்து நனைத்து, இரவில் வடியவிட்டு, காலையில் ஒரு மாதிரியை எடைபோட்டு, காயவைத்து, மறுபடி எடைபோட்டு ஈரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீர் அளவை அதற்குத் தக்கபடி திருத்த வேண்டும். கலக்கும் வரிசையை மாற்றினாலும் பலன் தெரியும். ஜல்லியையும் மணலையும் முதலில் போட்டு, பாதித் தண்ணீரை விட்டு ஒரு நிமிடம் சுற்றவிட்டு, பிறகு சிமெண்டைச் சேர்த்து, கடைசியாக மீதித் தண்ணீரை விட வேண்டும். பழைய சாந்தின் துளைகளிலும் நுண்விரிசல்களிலும் சிமெண்ட் பசை முதலில் புகுந்துகொள்வதால் பிடிப்பு கூடுகிறது.

எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்கும் வரம்பு எழுத்தில் இருக்கிறது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383 (2016), அரைத்த கான்கிரீட் ஜல்லியைக் கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம், கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்25 தரம் (28 நாளில் ஒரு சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் தாங்கும் கலவை) வரை 20 சதவீதம், எம்15க்குக் கீழான கான்கிரீட்டில் முழு அளவும் அனுமதிக்கிறது. ஐரோப்பியத் தரநிலை இ.என். 206 நல்ல தர ஜல்லிக்கு, உலர்ந்த அல்லது மிதமான சூழலில் 30 சதவீதம் வரை போகிறது. இந்த அளவுக்குள் நின்றால் வலிமையில் சொல்லும்படியான இழப்பு இல்லை. நூறு சதவீதம் மாற்றினால் கதை வேறு. வலிமையைவிட விறைப்பு (பாரத்தில் வளையாமல் நிற்கும் தன்மை) அதிகம் குறையும், சுருக்கமும் கூடும்; உத்திரம் தாங்கும், ஆனால் தொய்வு கணக்கை மீறும். கடலோரக் கட்டடத்திலிருந்து வந்த கான்கிரீட்டை, கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும் குளோரைடு உப்புக்கான சோதனை இல்லாமல் கம்பி வைத்த வேலைக்குத் தொடவே கூடாது.

அரவையில் ஜல்லியோடு சேர்ந்து நிறையத் துகளும் விழும். 4 மி.மீ.க்குக் கீழான இந்தத் துகளில்தான் பழைய சிமெண்ட் பசை அதிகம். மணலுக்குப் பதிலாகப் போட்டால் தண்ணீரை வாரிக் குடிக்கும். சாலை அடித்தளத்துக்கும் திண்மக் கல்லுக்கும் போகட்டும். சாலை அடித்தளத்தில் அரைத்த கான்கிரீட் உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. மிச்சமிருக்கும் சிமெண்ட் ஈரத்தில் மெல்ல இறுகி, காலப்போக்கில் அடுக்கு இன்னும் கெட்டிப்படும். ஒரே எச்சரிக்கை: அதிலிருந்து வடியும் நீர் கடும் காரத்தன்மை கொண்டது. வடிகால் குழாயைச் சுற்றி இதைக் கொட்டினால் கரைந்த சுண்ணாம்பு வெள்ளைப் படிவாக இறங்கி, வடிகட்டித் துணியை நாளடைவில் அடைத்துவிடும். நீர்நிலைக் கரைகளிலும் வேண்டாம்.

செங்கல்லுக்கு வருவோம். சுவரை இடித்தபின் செங்கல் முழுசாக வருமா வராதா என்பதை அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் சுவர் எழுப்பிய கொத்தனாரின் சாந்தே முடிவு செய்துவிடுகிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில் கொத்துக் கரண்டியால் தட்டினாலே சாந்து உதிரும். ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் சாந்தில் கட்டியதில் சாந்து செங்கல்லைவிட வலிமையாகிவிடுகிறது. பிரிக்கப் போனால் உடைவது செங்கல்தான். கோபன்ஹேகனில் 2019இல் முடிந்த ‘ரிசோர்ஸ் ரோஸ்’ குடியிருப்பில் இந்தச் சிக்கலைச் சுற்றிப் போனார்கள். பழைய கார்ல்ஸ்பர்க் பீர் ஆலைக் கட்டடங்களின் சிமெண்ட் சாந்துச் சுவர்களிலிருந்து செங்கல்லைப் பிரிக்க முயலாமல், சுவரையே சதுரப் பலகைகளாக அறுத்தெடுத்துப் புது முகப்பில் பதித்தார்கள். புத்திசாலித்தனம்தான். ஆனால் அறுவை எந்திரம், பாரம்தூக்கி, பின்னால் தாங்கும் சட்டம் எல்லாம் வேண்டும். எல்லா வேலைக்கும் கட்டுப்படியாகாது. புதிதாகக் கட்டுபவர்கள் தாழ்வான கட்டடச் சுவர்களுக்கு ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்று போட்டாலே போதும். சுவர் நிற்பதற்கான வலிமை இருக்கும், பின்னாளில் பிரிக்கவும் வரும். ஆரம்ப இறுக்கம் மெதுவாக வரும் என்பதால் ஒரே நாளில் அதிகச் செங்கல் வரிசைகளை ஏற்றக்கூடாது.

மீட்ட செங்கல்லை உலர்ந்த நிலையில் கொத்தித்தான் சுத்தம் செய்ய வேண்டும். அமிலத்தில் முக்குவது வேலையைச் சுலபமாக்கும். ஆனால் உள்ளே தங்கும் உப்பு பிறகு சுவரில் பூத்து வெளிவரும். கழிவறைச் சுவர், தரையோடு ஒட்டிய முதல் சில வரிசைகள், புகைபோக்கி ஆகியவற்றின் கற்களை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும். 24 மணி நேரம் நீரில் ஊறியபின் எடை 20 சதவீதத்துக்கு மேல் ஏறினால் வெளிச்சுவருக்கு ஆகாது.

எஃகு உத்திரங்களையும் தூண்களையும் உருக்காமலே திரும்பப் பயன்படுத்தலாம் என்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. பிரிட்டனின் எஃகுக் கட்டுமான நிறுவனம் 2019இல் இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. 1970க்குப் பிறகு நிறுத்திய கட்டடமாக இருக்க வேண்டும்; தீ பட்டதும், பாலம் போல் இடைவிடாத அசைவில் இருந்ததும், கடுமையாகத் துருப்பிடித்ததும் கூடாது. ஒரே அளவு, ஒரே பயன்பாடு கொண்ட உறுப்புகளைக் குழுவாக்கி, ஒவ்வோர் உறுப்பிலும் கடினத்தன்மைச் சோதனை, குழுவுக்கு ஒரு மாதிரியாவது வெட்டி இழுவிசைச் சோதனை. எல்லாம் சரியாக இருந்தும் வேலை கெடுவது கழற்றும் விதத்தில்தான். போல்ட்டைக் கழற்றப் பொறுமையில்லாமல் எரிவாயுவால் இரண்டு முனையிலும் 30 செ.மீ. வெட்டினால் 6 மீட்டர் உத்திரம் 5.4 மீட்டராகிவிடும், பிறகு அதை எந்த வடிவமைப்பாளரும் தேடி வரமாட்டார். பழைய போல்ட்டுகளை மட்டும் திரும்பப் போடக்கூடாது, முறுக்கி இறுக்கும்போதே அவை நீண்டிருக்கும்.

கான்கிரீட்டுக்குள் இருந்த முறுக்குக் கம்பி வேறு ரகம். இடிபாட்டிலிருந்து இழுத்த கம்பியைச் சம்மட்டியால் நிமிர்த்தி மறுபடி தூணில் கட்டுவது பல இடங்களில் நடக்கிறது. அது சிக்கனம் அல்ல, ஆபத்து. வளைத்து நிமிர்த்திய இடத்தில் எஃகின் நீட்சித்திறன் போய்விடுகிறது. நிலநடுக்கத்தில் நீள வேண்டிய கம்பி அங்கேதான் அறும். சூடுகாட்டி நிமிர்த்தினால் இன்னும் மோசம், வெளிப்புறக் கடின வளையம் இளகிவிடும். கம்பி உலைக்கே போகட்டும்.

மரம், கண்ணாடி, அலுமினியம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சந்தை அவற்றைத் தானே கவனித்துக்கொள்கிறது. பச்சை நிறம் ஏறிய பதனிட்ட மரத்தில் ஆர்செனிக் இருக்கலாம், அதை மட்டும் அடுப்புக்கு விடாதீர்கள்.

இவ்வளவும் பழைய கட்டடங்களின் கதை. இன்று வரைபடத்தில் இருப்பவற்றுக்கு, பிரித்தெடுக்கும் வடிவமைப்புக்கான பன்னாட்டுத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 20887 (2020) வந்துவிட்டது. அதன் சாரத்தைத் தளத்து மொழியில் சொன்னால், ஆயுள் வேறுபடும் பொருள்களை ஒன்றுக்குள் ஒன்று புதைக்காதீர்கள் என்பதே. சட்டகம் ஐம்பது, நூறு ஆண்டு நிற்கும். குழாயும் மின்கம்பியும் பதினைந்து, இருபது ஆண்டில் மாறும். குழாயைத் தளக் கான்கிரீட்டுக்குள் ஓட்டினால் ஒரு கசிவுக்காகத் தளத்தைக் கொத்த வேண்டியிருக்கும். தனிக் குழாய்த்தடம், திறக்கக்கூடிய மூடி, பசைக்குப் பதில் திருகு, பற்றவைப்புக்குப் பதில் போல்ட், தரைக் கல்லுக்கு அடியில் சிமெண்டுக்குப் பதில் மணல் படுக்கை. இப்படிக் கட்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஆம்ஸ்டர்டாமில் 2016இல் எழுப்பிய தற்காலிக நீதிமன்றம் சாட்சி. தேவை முடிந்ததும் அதைக் கழற்றி என்ஸ்கெடே நகரில் அலுவலகக் கட்டடமாக மறுபடி பூட்டினார்கள்.

நடைமுறையில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று கேட்டால், இடிப்பு ஒப்பந்தத்தில். பெரும்பாலான ஒப்பந்தங்கள் இரண்டே விஷயங்களைக் கேட்கின்றன: மொத்தத் தொகை எவ்வளவு, மனையை எப்போது காலிசெய்து தருவாய். இந்த இரண்டு கேள்விக்கும் பொக்லைன்தான் சரியான விடை. பிரித்தெடுக்க ஆள் வேண்டும், நாள் வேண்டும், தரம் பிரித்து வைக்க இடம் வேண்டும். மூன்றைப் பற்றியும் ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட எழுதியிருப்பதில்லை. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம் 2016இல் 1916ஆம் ஆண்டுக்கும் அதற்கு முன்பும் கட்டிய வீடுகளை எந்திரத்தால் இடிக்கக்கூடாது, கையால் பிரித்தெடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. 2020 முதல் 1940 வரையிலான வீடுகளுக்கும் அதை நீட்டித்தது. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, உரிமையாளரே ஒப்பந்தத்தில் எழுதலாம்.

இடிப்புக்குச் சில மாதங்கள் முன்பே ஒரு பொருள் கணக்கெடுப்பு நடக்க வேண்டும். கடைசி வாரத்தில் எடுக்கும் பட்டியல் யாருக்கும் உதவாது. வாங்குபவர் தன் வரைபடத்தில் அந்த அளவுகளைச் சேர்க்க அவகாசம் வேண்டும். பட்டியலில் பொருளின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் இருந்தால் போதாது. அளவு, எதனால் பிணைக்கப்பட்டிருக்கிறது, எப்படிக் கழற்றுவது, எடை, அபாயப் பொருள் உண்டா என்பதும் வேண்டும். ஒரு கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘கதவு 12’ என்று எழுதினால் ஆட்கள் கடப்பாரையால் நிலையை நெம்புவார்கள். காலும் தலையும் சேரும் மூட்டு பிளந்துவிடும். ‘கீல் ஆணியைத் தட்டிக் கதவை முதலில் இறக்கு, சுவருக்கும் நிலைக்கும் நடுவே ரம்பப் பட்டையை விட்டுப் பிடிப்பு இரும்பை அறு, குறுக்கே ஒரு கட்டை அடித்துவிட்டு நிலையை முழுதாக வெளியே எடு’ என்று எழுதினால் பன்னிரண்டும் கதவாகவே வரும்.

வேலை வரிசையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்: மின்சாரம், எரிவாயு, தண்ணீர் துண்டிப்பு, கல்நார் போன்றவற்றை அகற்றல், கதவு, சன்னல், கம்பி, குழாய், ஜிப்சம் பலகை கழற்றல், கூரை, பிறகு மேலிருந்து கீழாகச் சுவரும் சட்டகமும், கடைசியில் அடித்தளம். ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் மேற்பார்வையாளர் கையெழுத்திடாமல் அடுத்தது தொடங்கக்கூடாது. தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, பொருள்வாரியான எடைமேடைச் சீட்டுகள் வந்தபின் விடுவிக்கலாம். ‘கலப்புக் கழிவு’ என்று ஒரே சீட்டு வந்தால் அந்தப் பகுதி கிடையாது.

சீட்டில் எங்கே போனது என்பதும் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் பிறப்பித்த கழிவு வழிகாட்டுதல், கட்டுமானக் கழிவில் 2020க்குள் எடையளவில் 70 சதவீதத்தை மீட்க வேண்டும் என்றது. அந்த 70இல் பள்ளம் நிரப்புவதும் சேர்த்தி. முதல்தரக் கான்கிரீட்டையும் செங்கல்லையும் கலந்து நொறுக்கிப் பழைய கல்குவாரியில் கொட்டினாலும் இலக்கு எட்டப்பட்டதாகவே கணக்கு. எடையை மட்டும் அளந்தால் கனமான கான்கிரீட் எல்லாவற்றையும் மறைத்துவிடும்; மரமும் செம்பும் ஜிப்சமும் முழுதாக வீணானாலும் சதவீதம் அசையாது. எந்த நிறுவனமோ அரசுத் துறையோ இத்தனை சதவீதம் மறுசுழற்சி செய்துவிட்டோம் என்று அறிவித்தால், அதில் பள்ளம் நிரப்பப் போனது எவ்வளவு, சாலைக்கு அடியில் போனது எவ்வளவு, இருந்த வடிவிலேயே மறுபடி பயன்பட்டது எவ்வளவு என்று தங்கள் நிருபர்கள் மூன்று எண்களைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கி வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கட்டட வடிவமைப்பு, இடிப்பு மேற்பார்வைப் பணியிலுள்ள பொறியாளர்கள் சிலர்